மிளகு இறங்கிய வழியும் அரிசி ஏறிய வழியும்
வித்துரா மலைச்சரிவை முன்வைத்து ஒரு வணிக வரலாற்றுக் கட்டுரை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள் வித்துராவை ஒரு தேநீர் நிறுத்தமாகத்தான் அறிவார்கள். வணிக வரலாறு படிக்கிறவனுக்கு இந்த ஊர் ஒரு பாடசாலை. தனக்கு வேண்டிய அரிசியைத் தான் விளைவிக்காத ஊர் இது. தான் விளைவிக்கும் மிளகையும் ரப்பரையும் தின்று பசியாற முடியாத ஊரும் இதுவே. விற்றால்தான் உண்ணலாம். ஒரு ஊர் இப்படி ஆவது நல்லதா, கெட்டதா என்ற கேள்வி இருநூறு ஆண்டுகளாகப் பொருளியல் அறிஞர்களைப் படுத்தி வருகிறது. அவர்களுடைய நூல்களில் இதற்கு இங்கிலாந்தையும் போர்ச்சுகலையும் எடுத்துக்காட்டாகச் சொல்லுவார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். வித்துராவின் மலைச்சரிவும் நாஞ்சில் நாட்டின் வயலும் போதும். இப்படிப்பட்ட வழிகளில்தான் நம்மில் பலருடைய முன்னோர்கள் சரக்கோடு சரக்காக இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆகவே இது நமக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல, வீட்டுக் கேள்வியும் ஆகும்.

1. மலையும் வயலும்

வித்துரா நெடுமங்காடு தாலுகாவில், அகத்தியமலைத் தொடரின் மேற்குச் சரிவில் இருக்கிறது. இரண்டு பருவமழையும் இங்கே தாராளம். மண்ணோ செம்புரைக்கல் கலந்த மேட்டு மண். குன்றுகளுக்கு இடையில், ஓடையை ஒட்டிக் கிடக்கும் ஒடுங்கிய வயல்களை இந்தப் பக்கத்தில் ஏலா என்பார்கள். நெல் என்று விளைந்ததெல்லாம் அந்த ஏலாக்களில்தான். மேட்டில் பலாவிலும் மாவிலும் முருக்கிலும் மிளகுக்கொடி தானாகவே ஏறிப் படரும். கமுகு, இஞ்சி, காட்டுத் தேன் எல்லாம் உண்டு. காணிக்காரர்கள் காட்டிலிருந்து கொண்டுவரும் மலைச்சரக்கும் உண்டு.

தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சேர்ந்த நாஞ்சில் நாடு இதற்கு நேர்மாறு. பழையாறும் எண்ணற்ற குளங்களும் பாயும் சமவெளி. இருபோகம் விளையும் பூமி. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை 1906 முதல் இந்தப் பாசனத்துக்குப் பெரிய துணை ஆயிற்று. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று நாஞ்சில் நாட்டைச் சொன்னது வெறும் உபசாரம் அல்ல.

இந்த இரண்டு நிலங்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் சிதறால் மலை நிற்கிறது. கல்வெட்டுகள் திருச்சாரணத்துமலை என்று சொல்லும் நம் சமணப் பள்ளி அது. ஆய் வேந்தன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்திகள் என்ற துறவி அங்குள்ள பகவதிக்குப் பொன் அணிகள் கொடுத்ததாகக் கல்வெட்டு உண்டு. இதைப் பக்திச் செய்தியாக மட்டும் படிப்பது வழக்கம். வணிகனாகப் படித்தால் இன்னொன்றும் தெரியும். அந்த வட்டாரத்தில் பொன் சுரங்கம் எதுவும் இல்லை. பொன் உள்ளே வந்திருக்கிறது என்றால் சரக்கு வெளியே போயிருக்கிறது. மலையிலிருந்து ஏதோ இறங்கி, கடற்கரை வரை நடந்து, கப்பலேறி இருக்கிறது. வாணிபம் இங்கே வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுப்பழக்கம் அல்ல.

2. இரண்டிலும் தோற்றவனுக்கும் லாபம்

டேவிட் ரிக்கார்டோ லண்டன் பங்குச்சந்தையில் தரகு பார்த்தவர். பதினாலு வயதில் தந்தையின் தொழிலுக்கு வந்துவிட்டவர், பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர். ஆடம் ஸ்மித்தின் நூல் கையில் கிடைத்த பிறகுதான் பொருளியலில் இறங்கினார். 1817ல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு வருகிறது. குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் ஓராண்டுக்கு 100 ஆள் வேண்டும், அதற்கு ஈடான திராட்சை மது செய்ய 120 ஆள் வேண்டும். போர்ச்சுகலுக்குத் துணிக்கு 90, மதுவுக்கு 80 ஆள் போதும். அதாவது இரண்டிலும் போர்ச்சுகல்தான் கெட்டி. அப்படியானால் போர்ச்சுகல் எதற்காக இங்கிலாந்திடம் துணி வாங்க வேண்டும்? வாங்கினால் லாபம் என்று ரிக்கார்டோ நிறுவினார். இதற்கு ஒப்பீட்டு நன்மை என்று பெயர்.

கேட்டவுடன் பிடிபடாது. நம்ம ஊர் அளவையில் கணக்குப் போட்டால்தான் விளங்கும். கீழ்க்காணும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. நாஞ்சில் நாட்டு உழவன் ஒரு கோட்டை நெல்லை 10 நாள் உழைப்பிலும், ஒரு துலாம் மிளகை 20 நாள் உழைப்பிலும் எடுக்கிறான் என்று வைப்போம். வித்துராக்காரனுக்கு நெல் ஒரு கோட்டைக்கு 30 நாள், மிளகு ஒரு துலாமுக்கு 24 நாள். பாவம், இரண்டிலும் மலைக்காரன்தான் பின்தங்கியவன்.

இப்போது ஒரு துலாம் மிளகுக்கு ஒன்றரைக் கோட்டை நெல் என்று சந்தையில் விலை படிந்தது என்போம். மலைக்காரன் 24 நாள் மிளகில் உழைத்து, ஒன்றரைக் கோட்டை நெல் வாங்கி வருகிறான். அதே நெல்லைத் தானே விளைவித்தால் 45 நாள் ஆகியிருக்கும். அவனுக்கு 21 நாள் மிச்சம். நாஞ்சில்காரன் ஒன்றரைக் கோட்டைக்கு 15 நாள் உழைத்தான். அந்த மிளகைத் தானே நட்டுப் பறித்தால் 20 நாள். அவனுக்கு 5 நாள் மிச்சம். இருவருக்கும் லாபம், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மலைக்காரன் நெல்லில் மூன்று மடங்கு பின்தங்கியவன், மிளகில் சற்றே பின்தங்கியவன். குறைவாகப் பின்தங்கிய இடத்தில் அவன் காலூன்றினால் போதும். ‘எல்லாவற்றிலும் கெட்டிக்காரனோடு நமக்கென்ன வியாபாரம்’ என்று பயப்பட வேண்டியதில்லை என்பதே இந்தக் கணக்கின் சாரம்.

இதுவரை பாடப்புத்தகம் சொல்லும். அடுத்த படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதே துலாம் மிளகுக்கு ஒரு கோட்டைதான் விலை என்று யாரோ தீர்மானித்துவிட்டால் என்ன ஆகும்? மலைக்காரனுக்கு மிச்சம் 6 நாளாகச் சுருங்கும், நாஞ்சில்காரனுக்கு 10 நாளாக உயரும். இப்போதும் இருவருக்கும் லாபம்தான். பங்குதான் மாறிவிட்டது. விலை முக்கால் கோட்டைக்கு இறங்கினால், மலைக்காரன் மிளகை விட்டுத் தானே நெல் விதைப்பதே மேல் என்ற நிலை வந்துவிடும். ஆக, வியாபாரம் செய்வதால் லாபம் உண்டா என்பது ஒரு கேள்வி. அந்த லாபம் யார் மடியில் விழுகிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ரிக்கார்டோ விடை சொன்னார். இரண்டாவதற்கு விடை அந்தந்த நாட்டு வரலாற்றில்தான் கிடைக்கும்.

3. விலையை வைத்தவர் யார்?

மார்த்தாண்ட வர்மா 1741ல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றது நமக்குத் தெரியும். அந்தப் போரின் அடிவேர் மிளகு. டச்சுக்காரர் தமக்கே மிளகு வேண்டும் என்றார்கள். ஆங்கிலேயர் அஞ்சுதெங்கில் கோட்டை கட்டி அதே மிளகுக்குக் காத்திருந்தார்கள். வென்ற மகாராஜா 1740களில் மிளகை அரசின் ஏகபோகம் ஆக்கினார். ‘முளகு மடிச்சீல’ என்றே ஒரு தனித் துறை ஏற்பட்டது. கொடி வைத்திருந்தவன் அரசு சொன்ன விலைக்கு அரசிடமே மிளகை ஒப்படைக்க வேண்டும். வேறு யாருக்கும் விற்றால் குற்றம். அந்த வருமானத்தில் படை வளர்ந்தது, கோட்டைகள் எழுந்தன, நாடு நிலைத்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த ஏகபோகம் இல்லாமல் திருவிதாங்கூர் அன்று தப்பியிருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் மேலே சொன்ன கணக்கில் பார்த்தால், மலைக்காரனின் மிச்ச நாட்கள் அரசின் பண்டகசாலைக்குப் போயின. ஏறத்தாழ 120 ஆண்டுகள் அப்படியே நடந்தது.

1858ல் திவான் ஆன தஞ்சாவூர்க்காரர் டி. மாதவராவ் 1860ல் மிளகு ஏகபோகத்தை எடுத்துவிட்டு, ஏற்றுமதித் தீர்வை மட்டும் வைத்தார். 1865ல் பிரிட்டிஷ் இந்தியா, கொச்சி, திருவிதாங்கூர் மூன்றுக்கும் இடையே ஒரு வணிக உடன்படிக்கை ஏற்பட்டது. புகையிலை, உப்பு போன்ற சிலவற்றைத் தவிர மற்றச் சரக்குகள் எல்லைச் சுங்கம் இல்லாமல் போய்வர வழி பிறந்தது. அதே 1865ல் பண்டாரப்பாட்டக் குடியானவர்களுக்கு நிலத்தில் உரிமை தந்த பாட்டப் பிரகடனமும் வந்தது. நிலம் தன்னுடையது, சரக்கைத் தன் இஷ்டப்படி விற்கலாம் என்று ஆனபின் குடியானவன் என்ன செய்வான்? எது காசு தருமோ அதை நட்டான். தென்னை, மிளகு, பிறகு ரப்பர் என்று மேட்டு நிலம் மாறியது. அரிசி வெளியிலிருந்து வரத் தொடங்கியது. ரிக்கார்டோ சொன்னது திருவிதாங்கூரில் நடைமுறைக்கு வந்த காலம் இதுதான்.

இதே திறந்த கதவு வழியாக மான்செஸ்டர் ஆலைத்துணியும் வந்தது. கோட்டாற்றிலும் மற்ற ஊர்களிலும் தறிக்குழியில் இருந்தவர்களுக்கு இது நல்ல காலம் அல்ல. பலராம வர்மா காலத்தில் (1798-1810) தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்ட பலராமபுரத்துச் சாலியர்கள், ஆலையால் எளிதில் ஈடுசெய்ய முடியாத நுண்ணிய கசவு நெசவில் நின்று பிழைத்தார்கள். தனித்திறம் காப்பாற்றியது. ஆனால் எல்லா நெசவாளருக்கும் அந்தத் தனித்திறமும் இல்லை, வாங்கும் அரண்மனையும் இல்லை.

4. சந்தைக்குள் கால் வைக்கும் உரிமை

வித்துரா, பாலோடு, தொளிக்கோடு மலைச்சரக்கெல்லாம் இறங்கும் இடம் நெடுமங்காட்டுச் சந்தை. மிளகுக்கும் மற்ற மலைவிளைச்சலுக்கும் பேர்போன சந்தை அது. சந்தை என்றால் எல்லாருக்கும் பொது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அங்கே 1912 வரை தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே போகக்கூடாது. அவர்கள் விளைவித்த சரக்கு உள்ளே போகலாம், அவர்கள் போகக்கூடாது. வெளியே நின்று, வந்தவன் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த ஆண்டு அய்யன்காளி தம் மக்களோடு சந்தைக்குள் நுழைந்தார். அடிதடி நடந்தது. வழி திறந்தது.

இதைச் சமூக சீர்திருத்த வரலாற்றில் சேர்த்துப் படிப்பார்கள், சரிதான். பொருளாதார வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு. பத்து பேர் விலை கேட்கும் இடத்தில் நிற்கிறவனுக்கு ஒரு விலை. வாசலுக்கு வெளியே ஒரே ஒருவனிடம் கொடுக்கிறவனுக்கு வேறு விலை. மேலே நாம் போட்ட கணக்கில் 21 நாள் மிச்சம் 6 நாளாவது இப்படித்தான். சட்டப் புத்தகத்தில் ஏகபோகம் 1860ல் ஒழிந்தாலும், சந்தை வாசலில் இன்னும் ஐம்பது ஆண்டு அது இருந்தது.

பங்கு பிரிப்பது பற்றி நம் பக்கத்திலேயே இன்னொரு நல்ல நிகழ்ச்சி உண்டு. அகத்தியமலைக் காணிக்காரர்கள் களைப்பு தெரியாமல் காட்டில் நடக்க ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காயைத் தின்பார்கள். பாலோட்டுத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதைக் கேட்டறிந்து ‘ஜீவனி’ என்ற மருந்தைச் செய்தது. 1990களின் நடுவில் அதன் தயாரிப்பு உரிமையைக் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் ஒரு பங்குக்கும் கொடுத்தது. வந்ததில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997ல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. பெரிய தொகை இல்லைதான். ஆனால் மலைக்காரனின் அறிவுக்கும் விலை உண்டு என்று ஒப்புக்கொண்ட செயல் அது. உலகம் முழுவதும் இதை எடுத்துக்காட்டாகப் பேசுகிறார்கள். நம்மில் பலருக்கு இது தெரியாது.

5. வழி அடைபட்ட நாள்

திருவிதாங்கூர் தன் அரிசியில் பாதியைக்கூடத் தானே விளைவிக்காத நாடாக 1940 வாக்கில் ஆகிவிட்டது. நாஞ்சில் நாட்டு நெல் இருந்தும் போதவில்லை. மிச்சம் பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்தது. ஐராவதி ஆற்றுப் படுகையைக் காடு வெட்டி வயலாக்கப் பணம் கடன் கொடுத்தவர்கள் நம் செட்டிநாட்டு நகரத்தார். ரங்கூன் ஆலைகளிலும் துறைமுகத்திலும் மூட்டை தூக்கியவர்களில் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். இங்கே தேங்காய்நார்க் கயிறும் மிளகும் தேயிலையும் கப்பல் ஏறின. அங்கிருந்து அரிசி இறங்கியது. எல்லாருக்கும் லாபம்.

1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். அரிசிக் கப்பல் நின்றது. அதே போரால் கயிற்றுக்கு வெளிநாட்டில் வாங்குவோரும் இல்லாமல் போயினர். விற்க முடியவில்லை, ஆகவே கூலி இல்லை. வாங்கவும் கிடைக்கவில்லை, ஆகவே சோறு இல்லை. இரண்டு அடியும் ஒரே ஆள் மேல் விழுந்தது. கயிற்றுத் தொழிலையே நம்பியிருந்த சேர்த்தலைப் பகுதியில் 1943-44ல் பட்டினியாலும் அதைத் தொடர்ந்த நோயாலும் மக்கள் மடிந்தார்கள். நெல் விளையும் நாஞ்சிலில் அல்ல, தனித்தொழிலில் முழுசாக இறங்கிவிட்ட கடற்கரையில்தான் சாவு மிகுதி என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த நாளில் உயிர் காத்தது மரச்சீனிக்கிழங்கு. விசாகம் திருநாள் மகாராஜா (ஆட்சி 1880-1885) அக்கறை எடுத்துப் பரப்பிய பயிர் அது. மேட்டில், சரளை மண்ணில், வேலி ஓரத்தில் எங்கும் வரும். வியாபாரக் கணக்கில் அதற்கு மதிப்புக் குறைவு. மிளகு நட்டால் கிடைக்கும் காசு அதில் கிடைக்காது. ஆனால் வழி அடைபட்ட நாளில் மிளகுக்கொடியைக் கடித்துத் தின்ன முடியாது. மலைச்சரிவில் நாலு மூடு மரச்சீனி வைத்திருந்தவன் பிழைத்தான். இதை நான் காப்புப் பயிர் என்பேன். ரிக்கார்டோவின் கணக்கில் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

போர் முடிந்தது, வழிகள் திறந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழருக்கு அது நீதி கிடைத்த நாள், அதில் எனக்கு மறுகருத்து இல்லை. வித்துரா இருக்கும் நெடுமங்காடு கேரளத்தில் நின்றது. மொழிக்கு எல்லை கிடைத்தது, வயிற்றுக்கு எல்லை வந்துசேர்ந்தது. 1957ல் தென்மாநிலங்கள் நான்கையும் ஒரே அரிசி மண்டலமாக வைத்ததால் ஏழாண்டு தெரியவில்லை. 1964ல் மண்டலம் கலைந்து மாநிலத்துக்கு மாநிலம் வேலி போட்டதும்தான் வலி தெரிந்தது. கேரளம் ரேஷன் அட்டைக்கு வந்தது. களியக்காவிளை எல்லையிலும் ஆரியங்காவு கணவாயிலும் அரிசி கடத்தல் ஒரு தொழிலாகவே ஆயிற்று. தலைச்சுமையாக நாலு படி அரிசி கொண்டுவந்தவனும் கடத்தல்காரன்.

நம் உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் கள்ளாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் சொல்லியிருக்கிறார். திருடத் தூண்டுவது, திருட்டுப் பொருளை வாங்குவது, மாறுபட்ட அரசுகளின் சட்டத்தை மீறி வாணிபம் செய்வது, அளவையில் கூட்டிக் குறைப்பது, கலப்படம் செய்வது ஆகியவை அவை. மூன்றாவதின்படி அரிசி கடத்துவது சிராவகனுக்கு ஆகாது. சந்தேகமே இல்லை. ஆனால் ஆசாரியர் சொன்னது ஒன்றுக்கொன்று பகைத்து நின்ற அரசுகளை. ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்கள், பசித்தவனுக்கும் விளைத்தவனுக்கும் நடுவில் பகைநாடு போல் வேலி போட்டுக்கொண்டதை அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

6. மலைமேல் நின்றுபோனவர்கள்

ரிக்கார்டோவின் கணக்கில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. ஒரு தொழில் நலிந்தால் அதிலிருந்த ஆள் மறுநாளே அடுத்த தொழிலுக்குப் போய்விடுவான் என்பதுதான் அது. துணியிலிருந்து மதுவுக்கு, நெல்லிலிருந்து மிளகுக்கு. தாளில் எண்ணை அழித்து எழுதுவது சுலபம். ஆளை மாற்றுவது அப்படி அல்ல.

வித்துராவுக்கு மேலே பொன்முடியிலும் போனக்காட்டிலும் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காடு திருத்தினார்கள். முதலில் காப்பி. இலைநோய் காப்பியை அழித்த பிறகு தேயிலை. மலையின் மறுபக்கத்துத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தொழிலாளர்கள் கங்காணிகள் மூலம் வந்தார்கள். கொழுந்து கிள்ளும் வேலை தலைமுறை தலைமுறையாகக் கைக்கு வந்தது. தோட்டம் கொடுத்த லயத்தில் வீடு. தோட்டத்துக் கூலியில் அரிசி. வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன.

தேயிலை விலை சரிந்தது. போனக்காட்டுத் தோட்டம் முடங்கிப் போயிற்று, தேயிலை ஆலையின் இயந்திரங்கள் ஓய்ந்தன. தேயிலை குறைந்த விலைக்கு வேறு நாட்டில் விளைந்தால், அதை விட்டு வேறு தொழிலுக்குப் போகச் சொல்கிறது பாடப்புத்தகம். அறுபது வயதில், சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாமல், இடிந்த லயத்தில் இருக்கிற அம்மா எந்தத் தொழிலுக்குப் போவார்? திருநெல்வேலிக்குத் திரும்பினால் அங்கே யார் இருக்கிறார்கள்? தனித்தொழிலின் லாபத்தை நூறாண்டு பலர் எடுத்துக்கொண்டார்கள். அது உடைந்தபோது அதன் நட்டம் இவர்கள் தலையில் மட்டும் இறங்கியது. நம் சங்கங்கள் மலர் வெளியிடும்போது மலைமேல் இருக்கும் இந்தத் தமிழரையும் நினைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

7. இன்றைய சரக்கு வரத்து

இன்று கேரளம் தனக்கு வேண்டிய அரிசியில் ஐந்தில் ஒரு பங்குகூட விளைவிப்பதில்லை. வித்துரா ஏலாக்களில் வாழையும் மரச்சீனியும் நிற்கின்றன, சில இடங்களில் வீடுகள் நிற்கின்றன. மிச்சமுள்ள வயலைக் காக்க 2008ல் கேரள அரசு சட்டம் போட்டது. நாஞ்சில் நாட்டிலும் நெல் பரப்பு சுருங்கி வாழையும் ரப்பரும் மனைகளும் வந்துவிட்டன. களஞ்சியமே வெளியூர் அரிசிக்குக் கை நீட்டுகிறது. கடையில் விற்கும் ஜெயா அரிசி ஆந்திரத்திலிருந்து வருகிறது. சாலைக் கம்போளத்துக்குக் காய்கறி தமிழகத்திலிருந்து வருகிறது. இதற்கெல்லாம் பணம்? 1970களிலிருந்து வளைகுடா நாடுகளில் உழைத்தவர்கள் அனுப்பியது பெரும்பங்கு. அதாவது மிளகுக்குப் பதில் உழைப்பையே ஏற்றுமதி செய்து அரிசி வாங்குகிறோம். பண்டம்தான் மாறியது, கணக்கு பழையதுதான்.

மிளகுக்கும் போட்டி வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வியட்நாம் உலகத்தின் முதல் மிளகு நாடு ஆகிவிட்டது. 1998ல் கையெழுத்தாகி 2000ல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைப் பயன்படுத்தி அந்த மிளகு இலங்கை வழியாக நுழைகிறது என்று விவசாயிகள் முறையிட்டார்கள். 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் கீழ் மிளகு இறக்கக்கூடாது என்று மத்திய அரசு விதி செய்தது. ரப்பர் கதை இன்னும் கண்கூடு. 2011ல் கிலோ 200 ரூபாய்க்கு மேல் விற்றது, 2016 தொடக்கத்தில் 100க்கும் கீழே போயிற்று. அந்த ஐந்தாண்டில் வித்துராவில் எத்தனையோ மரங்கள் வெட்டுக் கத்தி படாமல் நின்றன. வெட்டுக்கூலிக்கே கட்டவில்லை.

வழி விஷயத்துக்கு வருவோம். அமரவிளைச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலம் நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு-சேவை வரி வந்து வரிச் சாவடிகள் எடுபட்டன. 1865ல் மாதவராவ் தொடங்கியது 152 ஆண்டு கழித்து நிறைவேறியது என்று சொல்லலாம். ஆனாலும் வழி எந்த நேரமும் அடைபடலாம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுச் சச்சரவில் கம்பம்-குமுளி வழிப் போக்குவரத்து நின்றது. 2020 மார்ச்சில் தொற்றுநோய்க் காலத்தில் கர்நாடகம் கேரள எல்லைச் சாலைகளில் மண்ணைக் கொட்டி மறித்தது. வழி அடைபட்டால் முதலில் உலைநீர் ஆறுவது வாங்கி உண்கிறவன் வீட்டில்தான். முதலில் சந்தேகப் பார்வை விழுவதும் மாநிலம் கடந்து வாழ்கிறவன் மேல்தான்.

8. முடிவாக

தனித்தொழிலும் வாணிபமும் ஏழை நிலத்துக்கும் நன்மை தரும் என்பதை வித்துரா காட்டுகிறது. அதில் ஐயம் வேண்டாம். ஏலாவில் கிடைக்கும் நெல்லை மட்டும் நம்பியிருந்தால் இந்த மலைச்சரிவு இத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்க முடியாது. ஆனால் அந்த நன்மை மூன்று கால்களில் நிற்கிறது. ஒன்று, திறந்த வழி. இரண்டு, யாரும் நுழைந்து விலை பேசக்கூடிய சந்தை. மூன்று, வழி அடைபடும் நாளுக்கு ஒரு காப்பு. அந்தக் காப்பு வேலியோரத்து மரச்சீனியாக இருக்கலாம், ரேஷன் கடையாக இருக்கலாம், தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தப் பெயரில் ஒரு வீடாக இருக்கலாம். ஒரு கால் ஒடிந்தாலும் முக்காலி நிற்காது. 1860க்கு முன் மிளகுக்காரனுக்கும், 1912 வரை நெடுமங்காட்டு வாசலில் நின்றவனுக்கும் இரண்டாவது கால் இல்லை. 1943ல் சேர்த்தலைக்கு முதலும் மூன்றும் இல்லை.

நம் சமயம் இல்லறத்தானுக்கு வாணிபத்தைத் தடுக்கவில்லை. மிகுபொருள் விரும்பாமை என்று அளவு வைத்தது. திக்கு விரதம் என்று, எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போய்ப் பொருள் தேடுவது என்பதற்கும் தானே எல்லை வகுத்துக்கொள்ளச் சொன்னது. எல்லையை அரசு போடுவதைவிட வணிகன் தன் ஆசைக்குத் தானே போட்டுக்கொள்வது மேல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். லாபம் வேண்டும். எதிரில் நிற்கிறவனுக்கும் மிச்சம் விட்ட லாபமாக அது இருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த ஆண்டும் அவன் மிளகு கொண்டுவர வேண்டும், நாம் அரிசி கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இந்த வரலாற்றின் பெரிய நிகழ்ச்சிகள் அரசு ஆவணங்களில் இருக்கின்றன. எந்த ஆண்டு எந்தச் சரக்கு என்ன விலைக்குப் போயிற்று, யாருக்குக் கடன் கொடுத்தார்கள், யார் திருப்பித் தந்தார்கள் என்ற சிறிய செய்திகள் நம் கடைகளின் பழைய பேரேடுகளில்தான் இருக்கின்றன. கேரளத்தில் இருக்கும் தமிழ் வணிகக் குடும்பங்களின் பரணில் அவை கரையானுக்கு இரையாகின்றன. கணினி வந்தபின் பிள்ளைகள் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். சங்கம் ஒரு அலமாரி ஒதுக்கி அவற்றை வாங்கி வைத்தால் போதும். மிளகு இறங்கியதும் அரிசி ஏறியதும், அதில் யாருக்கு எத்தனை நாள் மிச்சம் ஆயிற்று என்பதும் அந்த ஏடுகளில் எழுதிக் கிடக்கிறது. படிக்க ஆள் பின்னால் வருவார்கள். ஏடு இருக்க வேண்டும்.